ஒரு நாள், இரண்டு பூங்கா

கேள்வி: லீவுக்குப் பிள்ளைகளோடு ஹைதராபாத் போகிறோம். கையில் இருப்பது ஒரே நாள். ராமோஜி ஃபிலிம் சிட்டியா, வொண்டர்லாவா?
(வாசகி, வேலூர்)

பதில்: அது முழங்கால் பலத்தைப் பொறுத்தது. பிள்ளைகளுடையது அல்ல, உங்களுடையது!

ராமோஜி ராவ் 1996-ல் உருவாக்கிய ஃபிலிம் சிட்டி 1,600 ஏக்கருக்கு மேல். உலகிலேயே பெரிய ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸ் சான்றிதழே இருக்கிறது. பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள்தான். ஆனால் ஏறி இறங்குவது யார்? 'பாகுபலி' மகிழ்மதி செட்டில் கல்தூண் என்று நம்பித் தட்டினால் 'டொக் டொக்' என்னும். உங்களுக்கு அதுவே பரவசம். சின்னதுகளோ பத்தாவது நிமிஷத்தில் "ரைடு எங்கேம்மா?" என்று புடவையை இழுக்கும்.

எட்டு, பத்து வயதுக்காரர்கள் என்றால் ரவிர்யாலாவில் 2016-ல் திறந்த வொண்டர்லாதான் என் ஓட்டு. ஒரு எச்சரிக்கை. அங்கே சிறுவர் டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். பஸ் கண்டக்டரிடம் "இப்பதான் சார் அஞ்சு நடக்குது" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அங்கே வேலையில்லை. முட்டியை மடக்கச் சொல்லிப் பையனைத் தயார் செய்யாதீர்கள். அதே பையன் பெரிய ரைடில் ஏற, நுனிக்காலில் நிற்பான்! தண்ணீரில் இறங்க நைலான் உடை வேண்டும், பருத்தி ஆகாது. பையையும் செருப்பையும் காவல் காக்க ஓர் ஆள் தேவை. கவலை வேண்டாம், ரோலர் கோஸ்டரைப் பார்த்ததுமே வீட்டுக்காரர் தானாக முன்வருவார்.