விழாமல் நிற்கும் வித்தை

ரொறன்ரோ,
மாசி மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. மாரிகாலத்துக் கனடாவில் மனிதருக்குள் இரண்டே சாதிதான்: வழுக்கி விழுந்தவர், இனி விழ இருப்பவர். பகலில் உருகிய பனி இரவில் திரும்ப உறைந்து நடைபாதையில் மெல்லிய தகடாகப் படிந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. பிட்டத்துக்குத்தான் முதலில் தெரியவரும். இதற்கு இங்குள்ள சுகாதார அதிகாரிகள் சொல்லும் புத்திமதி, பென்குவின் மாதிரி நடக்க வேண்டும் என்பது. பகிடி இல்லை. காலைச் சற்று அகட்டி, முழங்காலை இளக்கி, உடம்பின் பாரத்தை முன்காலுக்கு மேல் கொண்டுவந்து, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டுமாம். ஆகவே மார்கழி தொடங்கிப் பங்குனி வரை வங்கி மனேச்சர், பேராசிரியர், பிட்சா கொண்டு திரிகிற பெடியன் எல்லோரும் இந்த நாட்டில் ஒரே இனப் பறவைகள். சமத்துவம் என்றால் இதுதான்.

பென்குவினை வைத்து உங்களோடு ஒரு வழக்குப் பேசப் போகிறேன். பூங்காவில் கிழடுகட்டைகள் கூடிநின்று காற்றைத் தடவிக் கொடுக்கிற வேலை என்று நீங்கள் பழிக்கும் சீனரின் தாய்ச்சிக்காக நான் ஆஜராகிறேன். என் கட்சி சுருக்கமானது. வயது போகப் போக உடம்பு ஒரு முக்கியமான வேலையை மறந்துகொண்டு வருகிறது. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தைத் தடுமாறாமல் மாற்றுகிற வேலை. தாய்ச்சி அதைத் திரும்பப் பழக்குகிறது. அந்தப் பழக்கத்தோடு கூட வருகிற துணிச்சலைத்தான் அவர்கள் உள்வலிமை என்கிறார்கள். இதற்கு மேல் அது செய்வதாகச் சொல்லப்படும் அற்புதங்களுக்கு நான் பொறுப்பில்லை. நீங்கள் காலமெல்லாம் கோட்டில் நின்ற அப்புக்காத்து. எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பதையும் நானே கேட்டு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆள் அறிமுகம். இந்த நகரத்தில் இக்கலையைப் பரப்பியவர் மொய் லின்-ஷின் என்ற தாவோ நெறித் துறவி. 1931இல் தென்சீனாவில் பிறந்து, ஹொங்கொங்கில் பயின்று, 1970இல் கனடாவுக்கு வந்தவர். எங்களைப் போல வந்தேறிதான். ஆனால் வந்த கையோடு மளிகைக்கடையோ வருமான வரிக் கந்தோரோ திறக்காமல், யாங் மரபின் தாய்ச்சியை எடுத்து, சண்டைப் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பை நீட்டித் திருப்புகிற பக்கத்தைக் கூட்டி, 108 அசைவுகளாகக் கற்பித்தார். தாவோயிசத் தாய்ச்சி என்று அதற்குப் பெயர். அவர் 1998இல் காலமானார். அவர் தொடக்கிய சங்கம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. கற்றுக் கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். எதற்கும் மணித்தியாலக் கணக்கில் காசு கேட்கிற இந்த ஊரில் இதுவே ஒரு அதிசயம். 108 என்றதும் உங்களுக்கு அர்ச்சனை நினைவு வரும். அவர்களுக்கு அது வானத்து நட்சத்திரம் 36, பூமி நட்சத்திரம் 72 சேர்ந்த கணக்கு. அசைவுகளின் பெயரைக் கேட்டால் மிருகக்காட்சிச்சாலைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும்: வெள்ளைக் கொக்கு சிறகு விரித்தல், குரங்கைப் பின்வாங்கி விரட்டுதல், புலியைத் தூக்கி மலைக்குக் கொண்டுபோதல், பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல். எண்பது வயது மனுசி ஒருவர் புலியை மலையேற்றுகிறார் என்றால் வழிவிட்டு நிற்பதுதான் மரியாதை.

இனிச் சாட்சி. அட்லாண்டா நகரத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 200 பேரை வைத்து நடந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. ஒரு கூட்டத்துக்கு 15 கிழமை தாய்ச்சி. அதுவும் 108 அசைவுகளைப் பத்தாகச் சுருக்கி. இன்னொரு கூட்டத்துக்குக் கணினியோடு இணைந்த மேடையில் நின்று ஆடாமல் இருக்கும் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்குக் கூடிப் பேசிக் கலைதல் மட்டும். தாய்ச்சி செய்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. ஆனால் இந்தச் சாட்சியின் சுவையான பகுதி வேறு. கணினி மேடையில் பழகியவர்கள் அந்த மேடையில் அருமையாக நின்றார்கள். வெளியே வந்து அந்த அளவுக்கு விழாமல் இருக்கவில்லை. தாய்ச்சிக்காரரை அதே மேடையில் ஏற்றி அளந்தபோது அவர்களின் ஆட்டம் பெரிதாகக் குறைந்திருக்கவும் இல்லை. ஆனால் விழுந்துவிடுவோம் என்ற பயம் குறைந்திருந்தது, விழுவதும் குறைந்தது. எனக்கு இதில் படுவது என்னவென்றால், விழாத மனிதன் ஆடாத மனிதனாக இருக்கவேண்டியதில்லை. ஆடும்போது பதறாமல், காலை எங்கே வைக்கலாம் என்று அறிந்தவனாக இருந்தால் போதும். பயந்தவன் உடம்பை விறைக்கிறான், நிலத்தையே பார்த்து நடக்கிறான், பிறகு நடப்பதையே குறைக்கிறான். குறைக்கக் குறைக்கக் கால் மெலிகிறது, பயம் கூடுகிறது. இந்த வட்டத்தை உடைக்கிறதற்கு உள்வலிமை என்ற பெயரைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது என்பீர்கள். சரி. ஒரிகன் மாநிலத்தில் எழுபது வயது தாண்டிய, விழும் ஆபத்துள்ள 670 பேரை மூன்றாகப் பிரித்து 24 கிழமை பயிற்றிய ஆய்வு 2018இல் வந்தது. வெறுமனே கைகாலை நீட்டிமடக்கும் பயிற்சியோடு ஒப்பிட்டால் தாய்ச்சிக் கூட்டம் விழுந்தது 58 சதவீதம் குறைவு. நடை, பாரம் தூக்கல், சமநிலை எல்லாம் கலந்த நவீன உடற்பயிற்சியோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. பிறகு 2019இல் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் அறிக்கையும் தாய்ச்சி விழுவோர் தொகையைக் குறைக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. அந்த அறிக்கையில் தொகுத்த ஆய்வுகள் எத்தனை தெரியுமா? 108. இதை நான் வாதமாக முன்வைக்கவில்லை. பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள், அவ சந்தோஷப்படுவா.

இவ்வளவு மெதுவாகச் செய்வதில் என்ன பயிற்சி இருக்கிறது என்பதுதான் உங்கள் பலமான கேள்வி. வியர்க்காமல் ஒரு தேகப்பயிற்சியா? ஊரில் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் வைப்பார்களே மெதுவாகச் சைக்கிள் ஓட்டுகிற போட்டி, அதை நினைத்துப் பாருங்கள். வேகமாக மிதிக்க யாருக்கும் வரும். காலைக் கீழே ஊன்றாமல் கடைசியாக வருகிறவன்தான் கெட்டிக்காரன். நடையிலும் அப்படித்தான். சாதாரணமாக நடக்கும்போது உடம்பு முன்னால் சரிகிறது, அடுத்த கால் வந்து தாங்குகிறது. உந்துவிசை எங்கள் பிழைகளை மறைத்துவிடுகிறது. மெதுவாக்கியவுடன் மறைப்பு போய்விடும். மடித்த முழங்காலோடு முழுப்பாரத்தையும் ஒரே காலில் வைத்து, மற்றக் காலை வெறுமையாக்கி, அதை மெல்ல நகர்த்தி, குதி பதிந்த பிறகுதான் பாரத்தைக் கொடுக்க வேண்டும். தொடைத் தசை நெடுநேரம் வேலை செய்கிறது. பாதத்திலும் கணுக்காலிலும் இருக்கிற நரம்புகள் நிலத்தைப் பற்றி மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதற்கிடையில் இடுப்பு திரும்புகிறது, தலை திரும்புகிறது. திரும்பும்போதும் பாரம் மாற்றும்போதும்தான் வயதானவர்கள் கூடுதலாக விழுகிறார்கள்; கிணற்றடியில் பாசி படிந்த இடத்தில் வாளியோடு திரும்புவதை யோசித்துக்கொள்ளுங்கள். பனி ரொறன்ரோவின் ஏகபோக உரிமை; வழுக்கல் அப்படியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு 684,000 பேர் விழுந்து சாகிறார்கள்.

அப்படியானால் நடந்தாலே போதுமே, காலையில் கோயிலுக்குப் போய்வருகிறேனே என்பீர்கள். போய்வாருங்கள், இதயத்துக்கும் நல்லது, ஊர்ப் புதினமும் கிடைக்கும். ஆனால் அதே கொக்ரேன் அறிக்கை, நடை மட்டும் விழுவதைக் குறைக்குமா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது. யோகாசனம் எங்களிடம் இருக்க இரவல் வித்தை எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். யுனெஸ்கோ யோகத்தை 2016இலும் தாய்ச்சியை 2020இலும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த வகையில் நாங்கள்தான் மூத்தவர்கள். ஆனாலும் ஆசனங்களில் பெரும்பகுதி ஓரிடத்தில் நிலைத்து நிற்பது, அல்லது நிலத்தில் இருந்தும் படுத்தும் செய்வது. பாயில் இருந்து எழும்பவே ஒருவர் கைலாகு கொடுக்க வேண்டிய வயதில், நின்றபடியே தொடங்கி நின்றபடியே முடிகிற பயிற்சி வசதியானது. கதிரையில் இருந்துகொண்டு செய்வோரும் உண்டு.

அடுத்தது மதம். பெரியம்மா கவலைப்பட வேண்டாம், கழுத்தில் எதையும் கட்டமாட்டார்கள். மொய் லின்-ஷின் மரபு கன்பியூசியம், பௌத்தம், தாவோயிசம் மூன்றையும் சேர்த்துப் போற்றுகிறது. சில மண்டபங்களில் பீடம் இருக்கும், ஊதுபத்தி மணக்கும். சும்மா பயிற்சி செய்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உடம்புக்குள் ‘சீ’ என்றொரு பிராண சக்தி ஓடுகிறது என்ற பேச்சை நான் நம்பவில்லை. அதை அளந்து காட்டியவர் இல்லை. வூடாங் மலையில் ஜாங் சன்ஃபெங் என்ற முனிவர் பாம்பும் பறவையும் சண்டை பிடிப்பதைப் பார்த்து இக்கலையை உண்டாக்கினார் என்ற கதையையும், 1930களில் தாங் ஹாவோ என்ற சீன ஆய்வாளரே நிராகரித்து, ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த கிராமத்துப் பக்கம் கைகாட்டிவிட்டார். கதை பொய் என்பதால் கால் பலப்படாமல் போகாது. அதேநேரம் தாவோ சிந்தனையை வெறும் அலங்காரம் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. வலிந்து செய்யாதே, முடிந்த அளவில் நில், அடுத்தவனோடு போட்டி போடாதே என்ற அந்தப் போக்குத்தான் எழுபது வயதுக்காரரை வெட்கமில்லாமல் அடுத்த கிழமையும் வரவைக்கிறது. உடற்பயிற்சிக்கூடத்தில் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற இளந்தாரிகளின் நடுவே அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

இனி என் கட்சியின் ஓட்டைகளையும் நானே காட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நீங்கள் குறுக்கு விசாரணையில் காட்டுவீர்கள். மருந்தென்றால் பொய்க்குளிசை கொடுத்து ஒப்பிடலாம். தாய்ச்சியில் தான் என்ன செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியும். ஆகவே நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. ஆய்வுகளில் வந்தவை பெரும்பாலும் சில அசைவுகளே கொண்ட சுருக்கங்கள். 108ஐ முழுவதும் செய்தால் பலன் பத்துமடங்கு என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாரம் மாற்றல், திரும்பல், மெதுமை மூன்றும் எல்லா வடிவத்திலும் பொது என்பதால் அதே பலனை எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், நீட்டிமடக்கும் பயிற்சியைவிடத் தாய்ச்சி விழுதலைக் குறைத்தது. தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சியை அந்த விஷயத்தில் வெல்லவில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது அட்லாண்டாக் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு. உடல் ஏற்கெனவே தளரத் தொடங்கிய 311 முதியோரிடம் 48 கிழமை பழக்கியும், விழுவதில் குறைவு தெரிந்ததே தவிர அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. எனக்கு இது தாய்ச்சிக்கு எதிரான சாட்சியாகப் படவில்லை. பிந்தித் தொடங்குவதற்கு எதிரான சாட்சி. பொல்லு கைக்கு வந்த பிறகு யோசிக்கிற விஷயமல்ல இது. ஆகவே புற்றுநோய் தீரும், சீனி வியாதி பறக்கும் என்று சொல்லி இதை விற்கிறவன் எவனாவது யாழ்ப்பாணத்துக்கு வந்தால் படலையைத் திறக்காதீர்கள்.

செய்வதென்றால் இவ்வளவு போதும். பாரமான கதிரை ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பாரத்தை வலக்காலுக்கு முழுவதும் கொடுத்து, இடக்குதியை மட்டும் உயர்த்துங்கள். பத்து மூச்சுக்குப் பிறகு மாறுங்கள். முழங்கால் பெருவிரலைத் தாண்டி முன்னுக்குப் போகக்கூடாது, உள்பக்கம் சரியவும் கூடாது. அவசரப்பட்டு ஆழமாக மடித்தால் முழங்கால் நோகும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் தடக்கும். பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், அது உங்களுக்கு முன்னால் விழும். பெரியம்மா சிரிப்பா. அவவை மற்றப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அவவின் நாரிப்பிடிப்புக்கு என்ன ஆகும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், சிரிப்பு மட்டும் நிற்கும். எதிர்வாதம் இருந்தால் பதில் கடிதத்தில் எழுதுங்கள். தவணை கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள பெறாமகன்.