ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி: நன்னிலம் அடுக்களைகள் குறித்து ஓர் ஆய்வு

முதற்கண் ஆய்வின் எல்லையை வரையறுப்பது மரபு. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு உலகெங்கும் ஒரே கவலை. வாளி, குழாய், மூடி எல்லாவற்றையும் மருந்து போட்டுக் கழுவி, ஈஸ்ட்டைத் தூவி, காற்றுப் புகாமல் மூடிய பிறகுதான் அந்தச் சந்தேகம் வரும்: மூடும்போது தும்மினோமே, உள்ளே ஏதாவது போயிருக்குமோ? இக்கவலையை நன்னிலத்தில் நேரடியாக ஆராய இயலாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. டாஸ்மாக் விற்கலாம், கொல்லையில் நாம் காய்ச்சினால், ஆய்வாளரைத் தேடிக் காவல் ஆய்வாளர் வருவார். ஆகவே அதே கவலை உள்ளூரில் எடுத்திருக்கும் மூன்று அவதாரங்களை, அதாவது மாவு, மோர், மாவடு ஆகியவற்றை, இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முன்னோர் ஆய்வுகளைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பீர் ஏன் கெடுகிறது என்று லூயி பாஸ்டர் 1876இல் ஒரு தனி நூலே எழுதினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த எமில் ஹேன்சன், நல்ல ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட் கலப்பதுதான் வினை என்று கண்டு, ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். 1883இல் அது ஆலையில் பயன்பாட்டுக்கு வந்தது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், ஈஸ்ட் செல்களை எப்படிச் சரியாக எண்ணுவது என்று தொடங்கி, 1908இல் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் ஒரு புள்ளியியல் கட்டுரை வெளியிட்டார். இன்றைக்கு நம் ஊரில் எம்.பி.ஏ. மாணவர் கேள்வித்தாள் நீட்டி முனகிக்கொண்டே போடும் டி-சோதனை அங்கிருந்து வந்ததுதான். சாராய வாடை அடிக்காத முனைவர் பட்டம் தமிழ்நாட்டில் குறைவு என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இனி மாவு. பீர்க்காரர் கண்ணால் ஓர் இட்லி மாவுப் பாத்திரத்தைப் பார்த்தால் அவருக்கு மயக்கமே வரும். அரிசியைக் கொதிக்க வைத்துக் கிருமி கொல்லவில்லை. உளுந்தை ஒரு மருந்திலும் கழுவவில்லை. ஈஸ்ட் என்று யாரும் எதையும் போடவில்லை. அரைத்து, உப்பைப் போட்டு, முழங்கை வரை விட்டுக் கலக்கி, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். அதாவது பீர் ஆலையில் எது விபத்தோ, அதுவே இங்கே செய்முறை. 1965இல் அமெரிக்காவில் இட்லி மாவை ஆராய்ந்தவர்கள், மாவைப் புளிக்கவும் பொங்கவும் வைப்பதில் தலையாயது லியுகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா என்று கண்டார்கள். அது உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருவது, அழைப்பிதழ் தேவையில்லை. இதே பாக்டீரியா சர்க்கரை ஆலைக்குள் புகுந்தால் கரும்புச் சாற்றைக் கொழகொழவென்று ஆக்கி வடிகட்டியை அடைத்துவிடும். அங்கே குற்றவாளி, இங்கே சமையற்காரர்.

மாவு விஷயத்தில் நன்னிலத்து அச்சம் கிருமி நுழைந்துவிடுமோ என்பதல்ல, நுழையாமல் போய்விடுமோ என்பது. மார்கழிக் குளிரில் மாவு கல்லாகக் கிடக்கும். பாத்திரத்தை அடுப்புப் பக்கம் தள்ளி வைப்பார்கள். கத்திரி வெயிலில் விடியற்காலைக்குள் தட்டைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழியும். கரண்டியால் கலக்கினால் பொங்காது, கைதான் விடவேண்டும், அதிலும் இன்னார் கைதான் வேண்டும் என்று ஒரு கொள்கை உண்டு. இது வெறும் மூடநம்பிக்கை என்பாரும் உளர். ரொட்டிக்காரர்கள் பதினைந்து பேரைப் பெல்ஜியத்தில் கூட்டி ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, நாள்தோறும் புளித்த மாவில் புழங்கும் கைகளில் அந்த மாவின் பாக்டீரியாக்கள் மற்றவர் கைகளைவிட மிகுதியாகக் குடியிருக்கின்றன என்கிறது. ஆகவே கைராசி என்பதை முற்றாகத் தள்ளிவிட இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை. உளுந்தே போதும் என்பது அறிவியல். கையும் வேண்டும் என்பது மாமியார். இரண்டாவது தரப்போடுதான் ஒரே வீட்டில் இருக்கவேண்டியிருக்கிறது.

மோரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறைமோர் என்பது அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வாங்கிவரும் தூய வளர்ப்பு. தயிர் நூல் விட்டுப்போனால், உறை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, தயிர் கெட்டியாக உறையும் வீட்டில் போய்க் கேட்பார்கள். கார்ல்ஸ்பெர்க் தன் தூய ஈஸ்ட்டைக் கேட்ட ஆலைகளுக்கெல்லாம் காசு வாங்காமல் கொடுத்தது. நாமும் கொடுப்போம், ஆனால் விளக்கு வைத்த பிறகு கொடுக்கமாட்டோம். டென்மார்க்கில் விளக்கு வைக்கும் நேரம் குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கே வந்துவிடுமாதலால், இந்த விதி அங்கே இருந்திருந்தால் உலகில் பாதி பீர் உருவாகியிராது.

மாவடுதான் இவ்வாய்வின் உயிர்நிலை. மாசி, பங்குனியில் வடு வந்து இறங்கும். கழுவி, துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, வேதாரண்யத்துக் கல் உப்போடு அடுக்கி, ஜாடியின் வாயை வேடு கட்டி வைப்பார்கள். நாளைக்கு இரண்டு முறை குலுக்கவேண்டும். உப்பு காயிலிருக்கும் நீரை இழுக்க இழுக்க, வடு பாட்டி முகமாய்ச் சுருங்கி அந்த நீரிலேயே மூழ்கும். பிறகு அந்த நீரை எடுத்து மிளகாய், கடுகு, மஞ்சள் அரைத்து மறுபடி சேர்ப்பது. இவ்வளவும் ஆனபின் ஜாடிக்குள் கை போகக்கூடாது. மாவுக்குள் முழங்கை வரை போன அதே கைதான். இந்த முரண்பாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் விளக்கவில்லை. கட்டுரையாளர் முயன்று பார்க்கிறார்.

விடை நன்னிலத்துக் கோயிலிலேயே இருக்கிறது. கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் மாடக்கோயில், சுவாமி மதுவனேசுவரர். விருத்திராசுரனுக்குப் பயந்த தேவர்கள் தேனீக்களாகி இங்கே வழிபட்டார்கள் என்பது தலபுராணம். தேன் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை, ஏனெனில் அதில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈஸ்ட் உள்ளே இருந்தும் ஒன்றும் செய்யமுடியாமல் முடங்கிக் கிடக்கும். தண்ணீர் கலந்துவிட்டால் அது விழித்துக்கொண்டு தேனைச் சாராயமாக்கத் தொடங்கும். ஊறுகாயும் அப்படியே. உப்பு மிகுந்த நீரில் பூசணத்தால் குடிக்க முடியாது, எண்ணெய்க்கு அடியில் மூச்சுவிட முடியாது. ஈரக் கரண்டி கொண்டுபோகும் நாலு சொட்டு, மேல்மட்டத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் உப்பின் வீரியத்தைக் குறைக்கிறது. கரண்டியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை சாப்பாட்டுக்கும் வழி செய்கிறது. நாலைந்து நாளில் வெள்ளையாக ஆடை கட்டும்.

வீட்டுக்கு விலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் கெடும் என்பாரும் உளர். அது பொருந்தாது என்க. ஊறுகாய்த் தொழிற்சாலைகளில் பெண்கள் மாதத்தில் எல்லா நாளும் வேலை செய்கிறார்கள். பாட்டில் ஓராண்டு அலமாரியில் நிற்கிறது. பூசணம் ஈரத்தைத்தான் பார்க்கும். இந்தக் கூற்றை விடாமல் சொல்லிவருகிறவர்கள், சோறு பிசைந்த கையோடு ஜாடியைத் திறக்கும் ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

பூசணம் தெரிந்தவுடன் விசாரணை தொடங்கும்.

“ஜாடியில ஈரக் கரண்டிய உட்டது யாரு?”

“நான் இல்ல அத்தை. தொடச்சுட்டுத்தான் போட்டேன்.”

“அப்ப அது தானா நனைஞ்சுகிட்டு உள்ள போச்சாக்கும்.”

சந்தேக நபர்கள் எப்போதும் மூவர்: மருமகள், லீவுக்கு வந்த பேரன், தஞ்சாவூரிலிருந்து விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. பேரன் சின்னப் பிள்ளை, அவனை விட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை தயிர்ச்சோற்றுக் கையாலேயே ஒரு வடுவை எடுத்ததைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சாட்சி இருந்தும் வழக்குப் பதிவாகாது. தட்டையாக, வெள்ளையாக, வாசனை மாறாமல் கட்டிய ஆடை பெரும்பாலும் ஈஸ்ட், அவ்வளவு ஆபத்தில்லை. பஞ்சு பஞ்சாக எழும்பி, பச்சையோ கறுப்போ ஓடினால் ஜாடியோடு கொட்டிவிட வேண்டும் என்பது உணவியலார் தீர்ப்பு. மேலாக வழித்துப்போட்டு, ஒரு கை உப்புப் போட்டு, வெயிலில் வைத்துவிடலாம் என்பது அடுக்களைத் தீர்ப்பு. பச்சை ஓடிய ஜாடியில் இவ்வாய்வாளர் உணவியலார் பக்கம்தான். ஆனால் இதை அடுக்களைக்குள் நின்று சொல்வதில்லை.

தடுப்புமுறை ஒன்று வட்டாரத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. பெரிய ஜாடி பரணில். வாரத்துக்கு ஒருமுறை குளித்த கையோடு, வெயிலில் காய்ந்த கரண்டியால், மாமியார் மட்டும் எடுத்துச் சின்ன பாட்டிலை நிரப்புவார். சாப்பாட்டுக்கு வருவது அது மட்டுமே. பீர்க்காரர்களும் ருசி பார்க்கவேண்டும் என்று அடிக்கடி வாளியைத் திறக்காதே என்றுதான் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். சின்ன பாட்டிலில் பூசணம் வந்தால் மருமகள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பெரிய ஜாடியில் வந்தால், அந்த வருஷம் உப்பு சரியில்லை.