சான்றிதழ்த் தேர்வே, நீ வாழ்க!

சான்றிதழ்த் தேர்வே, உன் புகழை ஒருமுறையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும். ஐ.டி. வேலைக்கு வரும் பிள்ளைகளின் ரெஸ்யூமேயை வடிகட்டுகிறவர்கள், அவர்களை இன்டர்வியூ எடுக்கிறவர்கள், நடுராத்திரியில் சர்வர் விழும்போது அவர்களோடு உட்கார்ந்து தூக்கி நிறுத்துகிறவர்கள், எல்லாருக்குமே நீ உதவியிருக்கிறாய். ரெஸ்யூமேயை வடிகட்டுகிறவருக்கு நிறைய. இன்டர்வியூ எடுக்கிறவருக்குக் கொஞ்சம். சர்வரைத் தூக்கி நிறுத்துகிறவருக்கு அதைவிடக் கொஞ்சம்.

உன் பெருமைகளில் முதலாவது நேர்மை. ஊர் எது, சாதி எது, கல்லூரி எது என்று நீ கேட்டதே இல்லை. ஐ.ஐ.டி.யில் படித்தவருக்கும், பேருந்து நிற்காத ஊரின் பொறியியல் கல்லூரியில் படித்தவருக்கும் ஒரே திரை, ஒரே கடிகாரம். வேலை தரும் இடங்கள் பலவற்றில் இல்லாத சமத்துவம் இது, மனதாரப் பாராட்டுகிறேன். தேர்வு மையத்துக்குள் நுழையும்போதே வாட்சைக் கழற்றச் சொல்கிறாய், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்கிறாய், அடையாள அட்டையில் இருக்கும் முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றுதானா என்று உற்றுப் பார்க்கிறாய். வந்திருப்பவர் யார் என்பதில் உன் அளவுக்குக் கவலைப்படுகிறவர் எவருமில்லை. அவருக்கு வேலை தெரியுமா என்ற கவலையை மட்டும் எங்களிடம் விட்டுவைத்திருக்கிறாய்.

இரண்டாவது உன் தாராளம். அமேசான் கிளவுட் வேலைக்கான ‘சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்’ தேர்வையே எடுத்துக்கொள்வோம். கட்டணம் 150 டாலர். 65 கேள்வி, 130 நிமிடம். கேள்விக்குச் சரியாக இரண்டு நிமிடம். ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே தெரியாத கேள்விக்கும் எதையாவது தட்டிவிட்டு வரலாம். ஒரு கேள்விக்கு இரண்டு விடை சரி என்றால், இரண்டைத் தேர்ந்தெடு என்று நீயே சொல்லிவிடுகிறாய். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டுவந்து வைக்கும் தாயின் பரிவு அது.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பரிவு கிடையாது. “சைட் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், என்னன்னு பாருங்க” என்பார் ஒருவர். எந்தப் பக்கம் ஸ்லோ, எப்போதிலிருந்து, எல்லாருக்குமா அவருக்கு மட்டுமா, நேற்று யார் எதை மாற்றினார்கள், எதுவும் சொல்லமாட்டார். கோளாறு டேட்டாபேஸில் இருக்கலாம், நெட்வொர்க்கில் இருக்கலாம், டிஸ்க் நிறைந்ததில் இருக்கலாம், மதியம் யாரோ ஏற்றிய நாலு வரி கோடில் இருக்கலாம். லாக்கைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கேட்க வேண்டிய கேள்வி எது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி ராத்திரி போய்விடும். அது கிடைத்துவிட்டால் விடைக்கு ஐந்து நிமிடம் போதும். நீயோ கேள்வியையும் கையில் கொடுத்து, விடையையும் அதற்குக் கீழேயே அச்சடித்துத் தருகிறாய். எங்கள் தொழிலின் பெரும்பாரத்தை இவ்வளவு சுலபமாக இறக்கிவைத்தவர் உன்னைத் தவிர வேறு யார்?

மூன்றாவது, உன் உலகத்தின் ஒழுங்கு. அங்கே பேக்கப் இருக்கிறது என்று எழுதியிருந்தால் பேக்கப் இருக்கும். வெளியுலகம் அப்படி இல்லை. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸின் பிரதி ஒன்று மூலத்தை விட்டுப் பின்தங்கிவிட்டது. பிரதியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையை மூல சர்வரிலேயே போட்டுவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியிருந்தது. அன்றாட பேக்கப்பைத் தேடினால், அது சேரவேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் புரோகிராம் 9.2 பதிப்பு, ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களை, அனுப்புநர் சரிபார்ப்பில் தேறவில்லை என்று மெயில் சர்வர் ஏற்காமல் விட்டிருந்தது. கடைசியில் கைகொடுத்தது, அந்தப் பொறியாளரே வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு நகல். அந்த நிறுவனம் இத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

உன் தாளிலும் பேக்கப் பற்றிக் கேள்விகள் உண்டு. எது மலிவு, எது வேகம், எதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்றெல்லாம் கேட்கிறாய். “அதை ரிஸ்டோர் பண்ணிப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டு யாரையும் நீ சங்கடப்படுத்தியதில்லை.

நான்காவது, உன் கொடைத்தன்மை. பன்னிரண்டாம் வகுப்புவரை எங்கள் பிள்ளைகள் பழகிய மனப்பாடத்தை நீ வீணாகவிடவில்லை. தேர்வு எழுதியவர்கள் நினைவில் கொண்டுவந்த கேள்விகள் டம்ப்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும் என்று எச்சரிக்கிறாய். பிடிபடாதவருக்கும் இரவெல்லாம் லேப் போட்டுப் படித்தவருக்கும் ஒரே சான்றிதழைத்தான் தருகிறாய். நிறுவனங்களுக்கும் நீ வள்ளல். அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் பார்ட்னர் பட்டியலில் மேல்படி ஏற இத்தனை சான்றிதழ்க்காரர்கள் வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆள் குறைந்தால் தேர்வுக் கட்டண வவுச்சர் வாங்கிக் கொடுத்து, மாதக் கடைசிக்குள் எழுதிவிடுங்கள் என்று டீமுக்கே மெயில் வரும். டெண்டருக்கும் வேண்டியது அதே தலைக்கணக்கு. அதற்கு நீ ஒருநாளும் குறை வைத்ததில்லை.

உன் குடும்பத்தில் உனக்கு நேர்மாறான சிலரும் இருக்கிறார்கள். ரெட் ஹாட் தேர்வில் டிக் அடிக்க எதுவும் கிடையாது. உயிருள்ள சிஸ்டத்தைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். தேர்வர் செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மதிப்பெண் இல்லை. குபர்நெட்டீஸ் நிர்வாகிக்கான தேர்வில் அதன் ஆவணங்களைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம், ஏனென்றால் அங்கே சோதிக்கப்படுவது ஞாபகசக்தி அல்ல. சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. லேப் முன்பு இரண்டு நாள் நடந்தது. பாடுபட்டுக் கட்டிய நெட்வொர்க்கில் தேர்வாளரே கோளாறுகளைப் புகுத்திவைப்பார். தேர்வர் திரும்பி வந்து கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். 2001-இல் அதை ஒரே நாளாகச் சுருக்கியபோது முதலில் போனது அந்தப் பகுதிதான். 2009-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாதவரை நிபுணர் என்று அழைப்பது தகாது என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். இவர்கள் எல்லாம் செலவுபிடிப்பவர்கள், நேரம் கேட்பவர்கள். அதனால்தான் உனக்குக் கூடும் கூட்டம் இவர்களுக்குக் கூடுவதில்லை.

சென்னை ரிச்சி தெருக் கடையில் பழைய சர்வர்களைப் பிரித்து மாட்டியே கற்றுக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள். விழுந்த மிஷினை எழுப்பிவிடுவாள். 150 டாலர் அவளிடம் இல்லை. அவள் ரெஸ்யூமேயில் உன் பெயரைத் தேடும் சாஃப்ட்வேர், கிடைக்கவில்லை என்று ஓரமாகத் தள்ளிவிடும். அவளை எதிரில் உட்கார வைத்து, ஒரு சர்வரைக் கெடுத்துக் கொடுத்து, அவள் எங்கே முதலில் கைவைக்கிறாள், எதைத் தொடாமல் விடுகிறாள், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாளா என்று பார்க்க ஒரு மேனேஜருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த மேனேஜருக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு சிரமத்திலிருந்தும் நீ அவரைக் காப்பாற்றிவிட்டாய். உன்னை இத்தனை பேர் கும்பிடுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.