வெகுமதிப் புள்ளித் துறைக்கு ஒரு நன்றிக் கடிதம்

மதிப்பிற்குரிய வங்கி வெகுமதிப் புள்ளித் துறை அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: 3 ரூபாய் 18 பைசா வரப்பெற்றமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

"செலவு பண்ணிட்டே இருங்க சார், சிங்கப்பூருக்கு ஃப்ரீயா போயிடலாம்" என்று தங்கள் ஊழியர் போனில் சொன்னார். செலவு செய்வது எனக்குக் கைவந்த கலை. அதற்குப் பரிசு கொடுக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. உடனே கார்டு வாங்கினேன். ஆண்டுக் கட்டணம் 2,500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,950.

150 ரூபாய்க்கு 4 பாயின்ட். வாடகைக்குக் கிடையாது, பெட்ரோலுக்குக் கிடையாது என்பது பிறகு தெரிந்தது. சரி, அரிசிக்கு உண்டே என்று அண்ணாச்சி கடையில் கார்டை நீட்டினேன். "ரெண்டு பர்சன்ட் சேர்த்துப் போடுவேன், பரவாயில்லையா?" என்றார். நூற்றுக்கு அரை ரூபாய் சம்பாதிக்க இரண்டு ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

இப்படி 22,500 ரூபாய் செலவழித்து 600 பாயின்ட் சேர்த்தேன். பாயின்டுக்கு 20 பைசா வீதம் 120 ரூபாய். பரிசை வாங்கக் கட்டணம் 99, அதற்கும் ஜிஎஸ்டி, மொத்தம் 116 ரூபாய் 82 பைசா. மீதிக்குத்தான் இந்த நன்றி.

"பணமா மாத்துறவன் மடையன், மாமா" என்றான் ஐந்து கார்டு வைத்திருக்கும் என் மச்சினன். அவன் கணக்கில் தப்பில்லை. அதே பாயின்டை விமான மைலாக்கி பிசினஸ் கிளாஸில் இடம் பிடித்தால் ஒரு ரூபாய்க்கு மேலேயே பெறும். 1999-இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர் 12,150 கிண்ணம் புட்டிங் வாங்கி, லேபிளைக் கிழித்தனுப்பியே 12 லட்சத்துக்கும் மேல் மைல் சேர்த்தார். மச்சினன் வீட்டில் பூஜை அறை மட்டும் இருந்தால் அவர் படம் மாட்டியிருப்பான்.

நானும் பணமாக்குவதை நிறுத்திவிட்டுச் சேர்த்தேன். ஒரு பாயின்டுக்கு ஒரு மைல் என்றிருந்தது, ஒரு ராத்திரி குறுஞ்செய்தியில் இரண்டுக்கு ஒன்று ஆனது. 2016 நவம்பர் 8 இரவு அரசாங்கம் ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியபோது ஊரே வரிசையில் நின்றது. தாங்கள் யாரையும் நிற்க வைக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைக் குறிப்பிட்டாக வேண்டும். வரிசை விமான நிலைய லவுஞ்சில்தான். அங்கே நான் போய்ச் சேர்ந்தபோது, முந்தைய காலாண்டில் போதுமான அளவு செலவழிக்காதவனுக்கு இட்லி கிடையாது என்றார்கள்.

இலவச டிக்கெட்டுக்கும் வரியும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் கையிலிருந்து கட்ட வேண்டுமாம். கட்டத் தயார். நான் கேட்கும் தேதியில்தான் இடமில்லை. இடம் இருக்கும் தேதியில் மகளுக்கு முழுப்பரீட்சை.

ஒரே ஒரு சந்தேகம். என் பாயின்டுகளின் ஆயுள் இரண்டு வருஷம், அதன்பின் தாமாகவே மறைந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் மூன்றே முக்கால் சதவீத வட்டியில் நான் தங்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்கும் அப்படி ஏதாவது ஆயுள் வைத்திருக்கிறீர்களா?

இப்படிக்கு,
கடைசி நான்கு எண்களால் மட்டும் தாங்கள் அறிந்த ஒருவன்