நிமிர்ந்து உட்காருங்க மாப்பிள்ளே!

இடுப்புப் பிடிப்புக்கு வைத்தியம் பார்க்க எங்கள் ஊரில் நீட் தேர்வு எழுத வேண்டியதில்லை. பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்திருந்தால் போதும். அப்படிப் பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. தெருவில் அந்தத் தகுதி படைத்தவர் ஒரே ஒரு பெரியம்மா. திண்ணையில் குப்புறப் படுத்தால் "எங்கடா புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் காலை வைப்பார். நல்ல ஆகிருதி. மிதி வாங்கிய அத்தனை பேரும் "சரியாயிடுச்சு பெரியம்மா" என்றுதான் சொன்னார்கள். இல்லை என்றால் இன்னொரு மிதி விழும். இப்போதெல்லாம் வயிற்றில் குழந்தை தலை திரும்பாமல் இருந்தால் பெரும்பாலும் சிசேரியன் செய்துவிடுகிறார்கள். அந்தத் துறைக்குப் புதிதாக ஆள் வருவது நின்றுபோயிற்று.

காலியான இடத்தை நிமிர்வுக் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் மாமனார் அதில் மாவட்டச் செயலாளர். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். நான் சோபாவில் கொஞ்சம் சரிந்தால் போதும், அடுத்த அறையிலிருந்து குரல் வரும்: "நிமிர்ந்து உட்காருங்க மாப்பிள்ளே. கூன் போட்டு உட்கார்ந்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்?" அவர் உட்கார்ந்தால் முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொடவே தொடாது. இரவானால் அவருடைய முதுகுக்கும் மாமியார் நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கிறார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்தக் கட்சி இன்று நேற்று வந்ததல்ல. ஒழுங்காக நிற்கவும் உட்காரவும் மக்களைப் பழக்க அமெரிக்காவில் 1914லேயே ஒரு சங்கம் இருந்தது. அங்கே பல கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை உடையின்றி நிறுத்தி, நிற்கும் லட்சணத்தைப் படம் பிடித்து வைத்தார்கள். நம்மூர் ராகிங் எவ்வளவோ மேல்.

எனக்குத் துணை ஜெர்மனியிலிருந்து வந்தது. உல்ம் நகரத்து ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட கணக்கு. நாற்பத்தைந்து வயது எலும்பு மருத்துவர் ஒருவர் தன் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகவிட்டு உட்கார்ந்தார், நின்றார், தூங்கினார், தும்மக்கூடத் தும்மினார். சும்மா நின்றபோது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். முயன்று நிமிர்ந்து உட்கார்ந்தபோது 0.55. நாற்காலியில் சோம்பேறியாகச் சரிந்து கிடந்தபோது 0.27. அதாவது பாதி!

இதை மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன்.

"எத்தனை பேரை அளந்தாங்க?"

"ஒருத்தரை, மாமா."

"ஒரு பையனை ஓடவிட்டு நான் ஸ்போர்ட்ஸ் டே நடத்தினேனா மாப்பிள்ளே?"

நியாயமான கேள்விதான். டிஸ்க்கில் அழுத்தம் குறைந்தால் வலியும் குறையும் என்று அந்தக் கணக்கு சொல்லவும் இல்லை. போதாக்குறைக்கு அதே ஆய்வில், 20 கிலோ சுமையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. இதை நான் வாசிக்காமல் விட்டேன். அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அரிசி மூட்டை விஷயத்தில் அன்று அவர் கட்சி ஜெயித்தது.

என் மனைவி வளைவுக் கட்சி. உடம்பு வளையாததால்தான் வலி என்பது அவள் கொள்கை. விடியற்காலையில் எழுப்பி, "குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடுங்க பார்ப்போம்" என்பாள். எனக்கும் என் கட்டைவிரலுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதுவும் விடியற்காலை! இரவெல்லாம் படுத்திருக்கையில் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அந்த ஜெர்மன் மருத்துவருக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தில் அழுத்தம் 0.1லிருந்து 0.24க்கு ஏறியிருந்தது. காலையில் எழுந்ததும் முதுகு விறைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. காபி குடிக்கும்வரை அதைச் சும்மா விடுவதே மரியாதை.

வளைவை அளக்க மருத்துவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. ஷோபர் என்பவர் 1937இல் சொன்னது, பிறகு திருத்தப்பட்டது. என் மருத்துவர் சட்டையைத் தூக்கச் சொல்லி, கீழ்முதுகில் 15 சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு பேனாவால் இரண்டு கோடு போட்டார். குனியும்போது அந்த இடைவெளி 20ஐத் தாண்ட வேண்டும். தாண்டியது! முதுகு பாஸ். கட்டைவிரலைத் தொடவிடாமல் தடுத்தது தொடையின் பின்பக்கத் தசைதான். வீட்டுக்கு வந்ததும் "முதுகுல யார் கிறுக்கினது?" என்ற விசாரணை தனியாக நடந்தது.

வளைந்து கொடுத்தால் வலி வராது என்றால் என் தங்கைக்கு வரக்கூடாது. யோகா டீச்சர், சக்ராசனத்தில் நின்றுகொண்டே அலைபேசியில் பேசுவாள். அவளுக்கும் இடுப்பு வலி. வலி வந்தால் தசை தானாக இறுகிக் காவல் நிற்கிறது. பல நேரம் விறைப்பு பின்னால் வருவது, வலிதான் முன்னால்.

இன்னொரு கூட்டம் ஸ்கேன் கட்சி. கல்யாண வீட்டுப் பந்தியில் ஐம்பது தாண்டியவர்கள் ரயிலில் பெர்த் நம்பர் கேட்பதுபோல "உங்களுக்கு எந்த டிஸ்க், எல்4 எல்5ஆ, எல்5 எஸ்1ஆ?" என்று விசாரித்துக்கொள்கிறார்கள். துளி வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதற்கு நாம் ஸ்கேன் எடுப்பதில்லை.

முதுகுவலிக்காரனுக்கு இருந்த ஒரே சுகம் படுத்துக்கொள்வது. அதையும் ஹெல்சிங்கியில் கெடுத்துவிட்டார்கள். படுக்கையில் ஓய்வெடுத்தவர்கள், பயிற்சி செய்தவர்கள், முடிந்தவரை வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்கள் என்று மூன்று பிரிவாகப் பார்த்ததில், சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். 1995இல் வெளியான முடிவு இது. என் மனைவிக்குப் போன மாதம்தான் எட்டியது. மறுநாளே ரேஷன் பையும் கரன்ட் பில்லும் கைக்கு வந்தன. நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. என்னுடையது இப்போது பரண்மேல் பழைய பாயைக் கட்டிவைக்கப் பயன்படுகிறது.

பிசியோதெரபிஸ்ட் எனக்குப் போட்டது ஒரே சட்டம்: எப்படி வேண்டுமானாலும் உட்காருங்கள், ஆனால் அப்படியே அரை மணிக்கு மேல் கிடக்காதீர்கள். நிமிர்வு, வளைவு இரண்டு கட்சிகளுக்கும் இது பிடிக்கவில்லை. அதனாலேயே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். வலியோடு கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, காய்ச்சலும் சேர்ந்துகொண்டாலோ மாமனார், மனைவி, யோகா டீச்சர், என் கட்டுரை எதையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.