திரையிலிருந்து பின்னோக்கி: கேமிங் கணினி கேள்வி-பதில்

கேள்வி: கேமிங் கணினியை வீட்டிலேயே கட்டிப் பார்க்க விரும்புவோர் பிள்ளையார் சுழியைப் பிராசசரில் போடுவதா, கிராபிக்ஸ் கார்டில் போடுவதா?

பதில்: மானிட்டரில் போடுவதே முறை. மற்ற எல்லாப் பாகங்களும் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் திரைதான் தீர்மானிக்கிறது. 1920×1080 அளவுத் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டியிருக்க, 2560×1440 அளவில் அது 36.9 லட்சமாகவும், 4கே எனப்படும் 3840×2160 அளவில் 82.9 லட்சமாகவும், அதாவது முதல் அளவின் நான்கு மடங்காகவும் உயர்கிறது. இந்தப் புள்ளிச் சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. பாத்திரங்கள் எங்கே நிற்கின்றன, எறிந்த பொருள் எங்கே விழும், எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டளையிடும் பிராசசரின் வேலையோ புள்ளிகளின் எண்ணிக்கையால் பெரிதாகக் கூடுவதில்லை. ஃப்ரேம்களின் எண்ணிக்கையால்தான் கூடுகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃப்ரேமை முடிக்க 16.7 மில்லி நொடி கிடைக்கிறது. 144 முறை புதுப்பிக்கும் திரையிலோ 6.9 மில்லி நொடிதான். ஆகவே, வேகமான துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை 1080 அளவில் 240 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 240 முறை புதுப்பிக்கும் திரையில், ஆட விரும்புபவர் பிராசசருக்கும், கதையும் காட்சியும் நிறைந்த விளையாட்டுகளை 4கே திரையில் ரசிக்க விரும்புபவர் கார்டுக்கும் பணத்தை ஒதுக்க வேண்டும். திரையை முடிவு செய்யாமல் பட்டியல் போடுபவர் இரண்டில் ஒன்றுக்கு வீணாகச் செலவழிப்பார்.

கேள்வி: கோர்களின் எண்ணிக்கை கூடினால் கூடுதல் எதிரிகளை வீழ்த்தலாம் என்பது உண்மையா?

பதில்: வீழ்த்துவது விரல்களின் திறமை. கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகு. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஆறு அல்லது எட்டு கோர் போதுமானது. அதற்கு மேல் பயன் தருவது ஒவ்வொரு கோரின் வேகமும், தேவையான தரவு அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுமே. பிராசசருக்குள்ளேயே அமைந்த சிறு நினைவகத்துக்குக் கேஷ் என்று பெயர். ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரில் கூடுதல் கேஷைச் சில்லின் மேல் இன்னொரு மாடியாக அடுக்கி, மூன்றாம் நிலைக் கேஷை 96 மெகாபைட்டாக உயர்த்தியபோது, எட்டே கோர் கொண்ட அது பல விளையாட்டுகளில் அதைவிடக் கூடுதல் கோர்கள் கொண்டவற்றை முந்தியது. முதன்முறை கட்டுபவருக்கு ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் பிராசசரே தாராளம். மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும்.

கேள்வி: ஒரே பெயர், ஒரே படம், இரண்டு விலை, கிராபிக்ஸ் கார்டுப் பெட்டிகளில் இரட்டைப் பிறவிகளை அடையாளம் காண்பது எப்படி?

பதில்: விராம் என்ற வரியை வாசிப்பதன் மூலம். விராம் என்பது கார்டின் மேலேயே பதிந்திருக்கும் நினைவகம். விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள் அங்கேதான் தங்குகின்றன. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. விராம் நிரம்பிவிட்டால், கார்டு தனக்கு வேண்டியதை மதர்போர்டு வழியாகக் கணினியின் பொது நினைவகமான ராமிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கிறது; அந்தப் பாதை பல மடங்கு மெதுவானது என்பதால், சராசரி வேகம் நன்றாகத் தெரிந்தாலும் படம் அவ்வப்போது திக்கித் திணறும். புது விளையாட்டுகளை உயர் தரத்தில் சில ஆண்டுகள் ஆட எண்ணுபவர் 16 ஜிபி வடிவத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமானது.

கேள்வி: பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் பொருத்தம் பார்ப்பது அவ்வளவு அவசியமா?

பதில்: பத்துப் பொருத்தமும் வேண்டாம், மூன்று போதும். முதலாவது சாக்கெட், அதாவது பிராசசர் அமரும் இருக்கை: ஏஎம்டியின் ஏஎம்5 இருக்கையில் பழைய ஏஎம்4 பிராசசர் உட்காராது, இன்டெலின் எல்ஜிஏ 1700 இருக்கை 12, 13, 14ஆம் தலைமுறைகளை ஏற்கும், ஆனால் 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 வேண்டும். இரண்டாவது ராம்: டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் காடி வெவ்வேறு இடத்தில் வெட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர்: மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் பழையதாக இருந்தால், இருக்கை பொருந்தினாலும் புதிய பிராசசரை அது அடையாளம் காணாது. ரைசன் 9000 வரிசைக்கு முன்பே தயாராகிக் கடையில் தங்கிவிட்ட, ஏஎம்5 இருக்கை கொண்ட பி650 போர்டுகளில் இச்சிக்கல் எழலாம். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டை வாங்குவது நல்லது. பொருத்தும்போதும் கவனம் வேண்டும்: எல்ஜிஏ 1700, ஏஎம்5 ஆகியவற்றில் மயிரிழை போன்ற ஊசிகள் பிராசசரில் இல்லாமல் இருக்கையில் இருப்பதால், மூலையில் உள்ள சிறு முக்கோணக் குறிகளை நேர்படுத்தி, அழுத்தாமல், மேலிருந்து மெல்ல இறக்கிவைக்க வேண்டும். ஓர் ஊசி வளைந்தாலும் முதலுக்கே மோசமாகிவிடும்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் என்பது கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டிதானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

பதில்: யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது இந்தப் பாகத்துக்கு அப்படியே பொருந்தும். வீட்டின் 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை 12 வோல்ட் முதலான குறைந்த அழுத்த நேர் மின்னோட்டமாக மாற்றிக் கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் கொடுப்பது இதுவே. இது பழுதாகும்போது தன்னோடு கார்டையும் போர்டையும் இழுத்துச் செல்லக்கூடியது. வாங்குவதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் படிக்க வேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் பெறுவது 12 வோல்ட் வரிசையில் என்பதால், அந்த வரிசையின் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, வெளியே 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்து, 12 வோல்ட் வரிசையில் 20 ஆம்பியர் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், அந்தப் பெட்டி கேமிங்குக்குத் தரக்கூடியது 240 வாட்தான். நல்ல தயாரிப்புகளில் இந்தப் பெருக்குத்தொகை பெயரில் உள்ள வாட்டை ஏறத்தாழ எட்டிவிடும்.

எவ்வளவு வாட் வேண்டும் என்பதற்கும் கூட்டல் கணக்கே போதும். ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 250 வாட் வரை இழுக்கும். ரைசன் 5 7600 பிராசசர் 88 வாட் வரை இழுக்கும். போர்டு, ராம், சேமிப்பகமான எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஐம்பது, அறுபது வாட் சேர்த்தால் 400 வாட்டை ஒட்டி நிற்கும். கார்டு கண நேரத்துக்குத் தன் எல்லையைத் தாண்டி இழுப்பதுண்டு என்பதால், இத்தகைய கணினிக்கு 650 வாட் பொருத்தமானது. 80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் தெளிவு தேவை: 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது வெண்கலத் தரம் 85 சதவீதமும் தங்கத் தரம் 90 சதவீதமும் செயல்திறன் காட்ட வேண்டும் என்பதே அதன் பொருள், மின்னழுத்தம் எகிறும்போது எஸ்எம்பிஎஸ் காப்பாற்றுமா என்பதை அது சொல்வதில்லை. மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் வாழ்வோர் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் குறிக்கப்பட்டு, நீண்ட வாரண்டி உள்ள பெட்டியையே தேட வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாடுலர் வகையில், ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொன்றின் பெட்டியில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், செருகிய நொடியில் எஸ்எஸ்டி கருகிவிடலாம்.

கேள்வி: பழைய அலுவலகக் கணினியின் யுபிஎஸ் புதிய கேமிங் கணினியைத் தாங்குமா?

பதில்: 600 விஏ என்று எழுதிய சாதாரண யுபிஎஸ் பலவற்றின் உண்மைத் திறன் 360 வாட். மேலே கூட்டிய 400 வாட் கணினி முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால், அந்த யுபிஎஸ் தாங்காமல் அணைந்துவிடும். விஏவை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: வண்ண விளக்குகள் எரிந்தால் ஃப்ரேம் கூடுமா?

பதில்: கூடாது. கேபினட் வாங்கும்போது விளக்குகளைவிட, வெப்பம் தணிய அதன் முகப்பு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் விசிறிகள் உள்ளிழுக்கக் காற்று போதாது. வலைத் தகடாக இருந்தால் போதும். கணினியின் உள்வெப்பம் அறையின் வெப்பத்துக்கு மேல்தான் எண்ணப்படுகிறது. ஆகவே 38 பாகை கொளுத்தும் சித்திரை மாதத்துச் சென்னை அறையில், குளிர்நாட்டு விமர்சகர் அளந்து சொன்ன எண்ணுக்கு மேல் பதினைந்து பாகைக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் இரு விசிறிகள் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருந்தால் போதுமானது.

கேள்வி: எல்லாவற்றையும் பூட்டிய பிறகு விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கடைக்காரரை எழுப்பலாமா?

பதில்: அவர் தூங்கட்டும். முதலில் மானிட்டர் கேபிள் மதர்போர்டின் பின்புறத்தில் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டியது. எஃப் என்று முடியும் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், அவற்றோடு போர்டில் செருகிய கேபிளில் படமே வராது. அடுத்து, இரண்டு ராம்களும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில், பக்கவாட்டுக் கொக்கி 'டக்' என்று விழும்வரை இறங்கியிருக்கின்றனவா என்று காண வேண்டும். இரண்டும் சரி என்றால் காத்திருக்கலாம்: டிடிஆர்5 ராம் உள்ள ஏஎம்5 கணினிகள் முதல் முறை இயங்கும்போது ராமோடு வேகத்தை ஒத்திசைக்கச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். படம் வந்ததும் பயாஸுக்குள் சென்று எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் 6000 வேகத்துக்கு விலை கொடுத்து வாங்கிய ராம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரை என்றால், விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பிலும் 60 ஹெர்ட்ஸை 144 ஆக மாற்றிவிட வேண்டும்.