பாகுபாடு காட்டிய மரங்கள்

ஒரு மரம் எப்போது குற்றவாளி ஆகும்? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மாநகராட்சியைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆறு குற்றப் பிரிவுகள் வைத்திருந்தார்கள். ஆறும் ஆங்கிலத்தில் 'டி' எழுத்தில் தொடங்கும். செத்த மரம், சாகப்போகிற மரம், நோய் பிடித்த மரம், ஆபத்தான மரம். இதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கப்போவதில்லை. ஐந்தாவது, சேதம் விளைவிக்கிற மரம். ஆறாவதுதான் மகுடம்: பாகுபாடு காட்டுகிற மரம்! வேர் துருத்திக்கொண்டு சக்கர நாற்காலிக்காரருக்கு நடைபாதையை மறிக்கிறதாம். அதே நடைபாதையில் காரை ஏற்றி நிறுத்துகிற கனவானுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அவருக்கு ஓட்டு இருக்கிறதே.

கதை 2012ல் தொடங்குகிறது. சாலை, நடைபாதை, தெருவிளக்கு, மரம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏமி என்ற நிறுவனத்தின் தலையில் வைத்தார்கள். 25 வருட ஒப்பந்தம், 220 கோடி பவுண்டு. ஊரில் இருந்த தெரு மரங்கள் ஏறக்குறைய 36,000. அவற்றில் 17,500 மரங்களை எடுத்துவிட்டுக் கன்று நடுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று. தெருவில் குடியிருக்கிறவர்களிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துத் தோண்டி, 2018ல்தான் அந்த எண்ணை வெளியே கொண்டுவர முடிந்தது. அப்போதும் 'அது இலக்கே இல்லை' என்று சாதித்தார்கள். ஆக, தண்டனை 2012லேயே எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. குற்றத்தைத் தேடும் வேலைதான் பாக்கி. தேடினால் கிடைக்காதா? டோர் பகுதியில் வெர்னன் ஓக் என்ற மரம், வயது நூற்றைம்பது சொல்கிறார்கள். அது செய்த பாவம், நடைபாதை ஓரக் கல் ஒன்றிரண்டை வரிசையிலிருந்து நகர்த்தியது.

ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம். அந்தச் சடங்கும் நடந்தது. மரங்களைப் பற்றி ஆலோசனை சொல்ல 2015ல் சுதந்திரக் குழு ஒன்றை அமைத்தார்கள். 'இந்த மரங்களைக் காப்பாற்றலாம்' என்று குழு சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை மாநகராட்சி ஏற்கவில்லை. இந்த ஆடு சிலிர்க்கவில்லை, அவ்வளவுதான்; கத்தி நிற்குமா?

2016 நவம்பர் 17. ரஸ்ட்லிங்ஸ் சாலையின் லைம் மரங்கள். (எலுமிச்சை என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு குலம்.) அந்த மரங்களைப் பற்றிக் குழு சொன்ன கருத்து அதிகாலை நாலரை மணிக்கு இணையத்தில் வெளியானது. ஐந்து மணி வாக்கில் ரம்பம் வந்துவிட்டது. படித்துப் பார்க்க மக்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள், ஜனநாயகத்தில் குறை சொல்லக் கூடாது. இருட்டில் போலீஸ் கதவைத் தட்டி, 'காரை எடுங்கள்' என்று ஜனங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. மறித்து நின்றதற்காக எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பெண்மணிகள் கைதானார்கள். எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1992ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டத்தில்! வேலைக்குப் போகிறவரை வழிமறிக்கும் வேலைநிறுத்தக்காரருக்கென்று அதில் வைத்த பிரிவு, மரத்தடியில் நின்ற பாட்டிகள் மேல் பாய்ந்தது. மாநகராட்சியை ஆண்டதோ தொழிலாளர் கட்சி. வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். கைவிட்ட வழக்குக்காக மரம் திரும்பி முளைக்கவில்லை.

ஊர்க்காரர்கள் விடவில்லை. மாநகராட்சி மரத்தைச் சுற்றித் தடுப்பு வைத்து 'உள்ளே நுழையாதே' என்று நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கியதும், அவர்களும் சட்டம் படித்தார்கள். தடுப்பு வட்டம் முழுமையாவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர்களுக்குப் பெயர் பல்லி. தடுப்பைத் தாண்டிக் குதிப்பவர் முயல், மரத்தில் ஏறுபவர் அணில். பொம்மை ஊதுகுழலை ஊதியதற்குக்கூட ஒரு பெண்ணைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். பசுமைக் கட்சிக் கவுன்சிலர் அலிசன் டீலை, அவர் உறுப்பினராக இருந்த மாநகராட்சியே நீதிமன்ற அவமதிப்பு என்று கூண்டில் ஏற்றியது. வழக்கு நிற்கவில்லை.

செல்சீ சாலை எல்ம் மரத்தின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்ற கொள்ளைநோயிலிருந்து தப்பிய, நூறு வயது கடந்த கிழம் அது. அதில் ஒரு பட்டாம்பூச்சி இனம் குடியிருந்தது. இறக்கையின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் கோட்டால் 'டபிள்யூ' எழுத்து போட்டிருக்கும். எல்ம் மரத்தைத் தவிர வேறெதையும் அதன் புழு தின்னாது. பட்டாம்பூச்சி இருக்கிறதே, எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார்கள். அதிகார வர்க்கத்திடம் பதில் இல்லாமலா? பட்டாம்பூச்சிகளை வேறு எல்ம் மரங்களுக்குக் குடிமாற்றலாம் என்று திட்டம் போட்டார்கள். பூச்சிக்கு டிரான்ஸ்பர் ஆர்டர்! பயணப்படி உண்டா என்று மட்டும் தெரியவில்லை.

இதற்கெல்லாம் சிரிக்கலாம். முதல் உலகப்போரில் மாண்ட முன்னாள் பள்ளி மாணவர்களின் நினைவாக 1919ல் நட்ட மரங்களுக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியது அரசாங்கம். திரும்பி வராதவர்களுக்குப் பதிலாக அந்த ஊர் மரம் வளர்த்தது. நூறு வருடம் நெருங்குகையில், ஊரின் போர் நினைவு மரங்களில் 41ஐ வெட்டலாம் என்று கை தூக்கினார்கள் கவுன்சிலர்கள். பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பெயரில் நின்ற நிழலையும் எடுக்கிற கைக்கு என்ன பெயர் வைப்பது?

2018 மார்ச்சில் எதிர்ப்பு தாளாமல் ரம்பம் நின்றது. பல்லி சொன்னது பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உட்கார்ந்து பார்த்ததில், வெட்டியே தீர வேண்டும் என்ற மரங்களில் பலவற்றை ஓரக் கல்லைச் செதுக்கியும் நடைபாதையைச் சீர்செய்துமே காப்பாற்ற முடிந்தது. விசாரிக்க வந்தவர் மார்க் லோகாக். ஐ.நா.வில் போர், பஞ்ச நிவாரணங்களுக்குத் தலைமை வகித்தவர். தெரு மரத்துக்கு அவர் வரவேண்டியிருந்தது. மாநகராட்சி மக்களையும் நீதிமன்றத்தையும் தவறாக வழிநடத்தியது என்று 2023ல் அறிக்கை கொடுத்தார். மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக்கு ஆறு பிரிவெல்லாம் கிடையாது, ஒரு கடிதம் போதும்.

வெர்னன் ஓக் ரம்பத்துக்குத் தப்பியது, செல்சீ சாலை எல்மும் தப்பியது. சுமார் 5,600 மரங்கள் போய்விட்டன.

நாளைக்கு உங்கள் தெரு மரத்தில் யாராவது பெயின்ட்டால் எண் எழுதிவிட்டுப் போனால், அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் தகவல் உரிமை மனு எழுதி ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான்.